கண்ணீர் சாட்சி சொல்லாது

"முன்பெல்லாம் ஜெபிக்க முழங்கால் போட்டாலே கண்ணீர் வரும். இப்போது ஒன்றுமே வருவதில்லை. கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டாரா?" என்று கேட்கிறவர்கள் நம் ஊர்ச் சபைகளில் ஏராளம். அவர்களுக்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில்: உங்களிடம் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, அறிக்கையிடுங்கள், உபவாசம் இருங்கள், பழைய அனல் திரும்ப வரும். கேட்டவர் ஏற்கெனவே சோர்ந்திருந்தார். பதில் அவரைக் குற்றவாளியாகவும் ஆக்கிவிட்டது.

நான் கடவுளை நம்பாதவன். விசுவாசியின் துயரத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு மனிதர் தம் வாழ்வின் மிகப் பெரிய முடிவை எந்த அளவுகோலால் அளக்கிறார் என்பது பகுத்தறிவு பேசுகிற எவருக்கும் கவலை தரவேண்டிய கேள்வி. நெஞ்சு உருகினால் கடவுள் இருக்கிறார், உருகாவிட்டால் இல்லை என்றால், நேற்றிரவு சரியாகத் தூங்கினோமா என்பதே அந்த முடிவை எடுத்துவிடும். உணர்ச்சி எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி இல்லை என்று தெரிந்துகொள்ள இரண்டு வாழ்க்கைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலாமவர் ஜான் நியூட்டன். 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் கிரேஹவுண்ட் என்ற கப்பல் புயலில் சிக்கியபோது, அதிலிருந்த இந்த ஆங்கில மாலுமி கடவுளைக் கூப்பிட்டார். பிழைத்தார். தம் மனமாற்றத்தின் நாள் என்று அதை ஆயுள் முழுவதும் நினைவுகூர்ந்தார். பிறகு என்ன செய்தார்? அடிமைக் கப்பல்களின் கேப்டன் ஆனார். 1750க்கும் 1754க்கும் இடையில் மூன்று பயணங்கள். மேலே மாலுமிகளுக்கு ஞாயிறு ஆராதனை; கீழ்த்தளத்தில் சங்கிலியில் பூட்டப்பட்ட ஆப்பிரிக்கர்கள். கினிக் கடற்கரைக்குப் போன கடைசி இரண்டு பயணங்களில் கிடைத்ததைவிட இனிய உறவைக் கடவுளோடு தாம் வேறெப்போதும் அனுபவித்ததில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்தத் தொழிலை விடச் செய்தது மனச்சாட்சிகூட இல்லை, உடல்நலக் குறைவு. அதன்பின் போதகரானார். உலகம் இன்றும் பாடுகிற 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதினார். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் வெளிப்படையாக எழுதியது 1788இல்தான். புயலுக்கும் அந்த எழுத்துக்கும் நடுவில் நாற்பது ஆண்டுகள்.

அவருடைய பக்தி பொய்யென்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே உருகியிருப்பார். அதனால்தான் அச்சமாக இருக்கிறது. உண்மையான உருக்கம் நெஞ்சில் நிறைந்திருந்த அதே வேளையில், காலடியில் மனிதர்கள் விற்பனைச் சரக்காகக் கிடந்தார்கள். உருக்கம் அவரை எச்சரிக்கவில்லை.

இரண்டாமவர் அன்னை தெரசா. 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளிலும் ஏழைகளுக்குத் தொண்டு செய்யும் அழைப்பைப் பெற்றதாக அவர் நம்பினார். அடுத்த சில மாதங்கள் இறைவனோடு மிக நெருங்கியிருந்த காலம். கல்கத்தாவின் சேரிகளில் பணி தொடங்கியதும் அந்த நெருக்கம் நின்றுபோனது. 1958இல் சில வாரங்கள் தவிர, 1997இல் இறக்கும்வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வறட்சியும் இருளும்தான். ஆன்மிக வழிகாட்டிகளான குருக்களுக்கு எழுதிய கடிதங்களில், கடவுள் என்று ஒருவர் உண்டா என்ற கேள்விவரைக்கும் போயிருக்கிறார். அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டார், அழிக்கப்படவில்லை. 2007இல் நூலாக வெளிவந்தன. 1979இல் நோபல் பரிசு பெற்றபோதும் உள்ளே இதே வெறுமை. ஆனாலும் விடியற்காலையில் எழுந்தார், ஜெபித்தார், தெருவில் கிடந்தவர்களைத் தூக்கிவந்தார்.

கடிதங்கள் வெளிவந்ததும் இரு தரப்பும் அவரைப் பங்கு போட்டுக்கொண்டன. உள்ளுக்குள் அவர் எங்கள் ஆள்தான் என்றார்கள் நாத்திகர் சிலர். இருளே புனிதத்தின் அடையாளம் என்றார்கள் பக்தர்கள். ஐம்பது ஆண்டு வறட்சி கடவுள் இல்லை என்று நிரூபிக்காது. இருக்கிறார் என்றும் நிரூபிக்காது. ஒருவர் தாம் கொடுத்த வாக்கை, எந்த இன்பமும் திரும்பக் கிடைக்காமல், வாழ்நாளெல்லாம் காப்பாற்ற முடியும் என்பதை மட்டும் நிரூபிக்கும். அதுவே பெரிய செய்தி.

ஆனால் உறுதியைக் கண்டு மயங்கவும் கூடாது. 1994இல் கல்கத்தாவுக்கு வந்து அவருடைய இல்லத்தைப் பார்த்த 'தி லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், சாகும் நோயாளிகளுக்கு வலுவான வலிநிவாரணிகள் தரப்படாததைச் சுட்டிக்காட்டினார். வேதனையில் துடிப்பவருக்குத் தேவை, பக்கத்தில் இருப்பவரின் விசுவாச உறுதி மட்டுமா? மருந்தும் வேண்டாமா? உணர்ச்சியைப் போலவே உறுதியும் அறிவின் விசாரணைக்கு வந்து நிற்கத்தான் வேண்டும்.

நாத்திகர்களும் தங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். நாத்திகராக இருந்து 1931இல் கிறிஸ்தவரான எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், மனநிலையின் ஆட்டம் இருபக்கமும் உண்டு என்றார். நாத்திகராக இருந்த காலத்தில் சில பொழுதுகளில் கிறிஸ்தவம் உண்மையோ என்று தோன்றியதாம். கிறிஸ்தவரான பின் சில பொழுதுகளில் எல்லாமே நம்ப முடியாததாகத் தோன்றியதாம். அறிவு ஒருமுறை ஏற்றுக்கொண்டதை, மனநிலை மாறும்போது விட்டுவிடாமல் பிடித்துக்கொள்வதே விசுவாசம் என்றார். அவருடைய முடிவு எனக்கு ஏற்புடையதில்லை; அந்த ஒழுங்கை மதிக்கிறேன். நள்ளிரவு பயத்தில் கடவுளைக் கூப்பிட்டுவிட்டு, காலையில் பகுத்தறிவு பேசுபவரிடமும் அது இல்லை.

ஆகவே, உள்ளம் வறண்டுபோன விசுவாசியிடம் நான் கேட்பது இதுதான். என்ன மாறியது? புதிதாக ஓர் உண்மை தெரிந்ததா, பழைய காரணம் ஒன்று பொய்த்ததா? அப்படியானால் அதை நேருக்கு நேர் எடைபோடுங்கள். அதற்குப் பின் விசுவாசத்தை விட்டால், அது நேர்மை. உங்களைப் பின்மாற்றக்காரர் என்று இழிவுபடுத்த யாருக்கும் உரிமை இல்லை. மாறியது உடம்பா, கடன் சுமையா, வீட்டில் நேர்ந்த ஒரு சாவா? அப்படியானால் கடவுளைப் பற்றிய தீர்ப்பை இப்போது எழுதாதீர்கள். தூங்குங்கள். அழ வேண்டுமானால் அழுங்கள். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரிடம் போங்கள். மனச்சோர்வு ஒரு நோய், அதைப் பாவம் என்பது கொடுமை.

போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் அழவைப்பது எளிது. இசையும் விளக்கும் கூட்டமுமே அதைச் செய்துவிடும். அழாதவரைப் பாவி என்று சொல்வதை நிறுத்துங்கள். அழுதவர் சொத்தில் தங்கைக்குப் பங்கு கொடுத்தாரா, மகன் கல்யாணத்துக்கு வரதட்சணை வாங்காமல் இருந்தாரா, சேரிக்காரரைத் தன்னோடு ஒரே பெஞ்சில் உட்காரவிட்டாரா என்று கேளுங்கள். நியூட்டனை அவர் காலத்துச் சபை இப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

விசுவாசத்தை விடுவதானால் காரணத்தோடு விடுங்கள். இருப்பதானால் காரணத்தோடு இருங்கள். இரண்டில் எதையும் கண்ணீரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.