வாசலில் ஒரு பெயர்

ஜவுளிக் கடைக்காரர் இரவில் கடையைப் பூட்டும்போது சரக்கு உள்ளே இருக்கிறது. பாத்திரக் கடைக்காரருக்கும் அப்படித்தான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். விளம்பரக் கம்பெனி நடத்துகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருடைய சரக்கு மாலையானதும் குடையை எடுத்துக்கொண்டு, படியிறங்கி, வீட்டுக்குப் போய்விடுகிறது. பூட்டுவதற்கு மேஜை நாற்காலிகள்தாம் மிச்சம். மறுநாள் காலை அந்தச் சரக்கு திரும்பி வரவேண்டும்; வந்தாலும் மனத்தோடு வரவேண்டும். சம்பளம் ஆளைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைக்கும். அதற்குமேல் அதன் அதிகாரம் செல்லாது.

இப்படிப்பட்ட கடையைக் கட்டி, கடைசிவரை காப்பாற்றியவர்களில் லியோ பர்னெட் என்ற அமெரிக்கரை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதனாலேயே அவரோடு எனக்கு ஒரு வழக்கும் உண்டு.

1935-ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம், சிகாகோவில் அவர் கம்பெனி ஆரம்பித்தார். வேலையில்லாத் திண்டாட்டத்தில் அமெரிக்காவே தவித்த காலம். வேலை இழந்தவர்கள் தெரு முனையில் ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்தார்கள். பர்னெட்டுக்கு வயது நாற்பத்து மூன்று. அந்த வயதில் புத்திசாலிகள் இருக்கிற வேலையை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். கூடிய சீக்கிரம் இவரும் தெருவில் ஆப்பிள் விற்கப் போகிறார் என்று ஒரு பத்திரிகைக்காரர் கேலி எழுதினாராம். பர்னெட் பதில் எழுதவில்லை. அலுவலக வாசலில் ஒரு கிண்ணம் நிறைய ஆப்பிள் வைத்து, வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கம்பெனி பெருத்து, உலகமெங்கும் கிளை விட்ட பிறகும் ஆப்பிள் கிண்ணம் இருந்தது.

ஆட்களை அவர் தட்டிக்கொடுத்து வேலை வாங்கியவர் அல்லர். எழுத்தாளர்களும் ஓவியர்களும் தங்கள் வேலையைக் கொண்டுவந்து அவர் முன் வைப்பார்கள். பேசமாட்டார். கீழுதடு மெல்ல முன்னால் வரும். உதடு எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு வேலை மோசம் என்று அர்த்தம்! அந்த உதட்டை அளக்க ஊழியர்கள் தங்களுக்குள் ஓர் அளவுகோலே வைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பருமனான கறுப்புப் பென்சில் வெளிவரும். ராத்திரி முழுவதும் கண்விழித்து எழுதியது அடிபட்டுப் போகும். அப்படியும் ஆட்கள் நிலைத்தார்கள். காரணம் எனக்கு விளங்குகிறது. எழுதுகிறவனுக்கு அடித்துத் திருத்துகிறவன் மேல் வருவது தற்காலிகக் கோபம். படிக்காமலேயே பேஷ் என்கிறவனைத்தான் அவன் மன்னிப்பதில்லை. பர்னெட் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதோடு, அவரும் ஒரு மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர். முதலாளி தன்னைப் போலவே நல்ல வாக்கியம் வராமல் திண்டாடுகிறார் என்பதைவிட ஊழியனுக்குப் பெரிய போனஸ் கிடையாது.

1967-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, எழுபத்தாறு வயதில், தம் ஊழியர்களைக் கூட்டி வைத்து ஒரு சொற்பொழிவு செய்தார். வாசலிலிருந்து என் பெயரை எப்போது எடுக்கவேண்டும் என்பதுதான் பொருள். தாம் போன பிறகு அவர்கள் பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் சில சமயங்களில் மாற்றியே தீரவேண்டும் என்றார். விளம்பரம் செய்வதைவிடப் பணம் செய்வதில் பொழுது அதிகமாகக் கழியும்போது. செய்தது போதாது என்ற அரிப்பு நின்றுபோகும்போது. பெரிதாக இருப்பதற்காகவே பெரிதாக ஆசைப்படும்போது. டைப்ரைட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு மரியாதை குறையும்போது. மனச்சாட்சியுள்ள ஸ்தாபனமாக இல்லாதபோது. அப்படி நடந்தால் ஏதாவது ஓர் இரவில் தாமே வந்து ஒவ்வொரு மாடியிலும் பெயரை அழித்துவிட்டு, ஆப்பிள்களை எல்லாம் லிப்டுக் குழியில் கொட்டிவிட்டுப் போவதாகப் பயமுறுத்தினார்.

தனியாக உட்கார்ந்து எழுதுகிற ஜாதியைச் சேர்ந்தவன் நான். எங்களை இப்படி நினைத்துப் பார்த்த முதலாளி உலகத்தில் எத்தனை பேர்? அந்தச் சொற்பொழிவைப் படித்துவிட்டு அவர் காலத்தில் சிகாகோவில் பிறக்கவில்லையே என்றுகூடத் தோன்றியது. 'மனச்சாட்சி' என்ற இடத்தில் வந்ததும் நின்றுவிட்டேன்.

ஏனென்றால், மார்ல்பரோ சிகரெட்டின் கௌபாய் அந்தக் கம்பெனியில் பிறந்தவன். அதற்குமுன் அது பெண்களுக்கென்று விற்ற சிகரெட். 1950-களின் நடுவில் பர்னெட்டின் ஆட்கள் அதன் வாயில் ஆண்மையை வைத்தார்கள். பரந்த வானம், குதிரை, வெயிலில் காய்ந்த முகம். உலகம் அந்த முகத்தை நம்பியது. 1964 ஜனவரியில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர், சிகரெட் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிக்கை வெளியிட்டார். டேவிட் ஆகில்வியின் கம்பெனி அந்த ஆண்டே, இனிச் சிகரெட் விளம்பரம் ஏற்பதில்லை என்று அறிவித்தது. பர்னெட்டின் கௌபாய் குதிரையை விட்டு இறங்கவில்லை. அவனாக நடித்தவர்களில் சிலர் பிற்காலத்தில் புகையால் வந்த நோயிலேயே மாண்டார்கள்.

பர்னெட்டின் சார்பில் சொல்லக்கூடியதை நானே சொல்லிவிடுகிறேன். அந்த வாடிக்கையை உதறினால் உலை நிற்பது முதலாளி வீட்டில் அல்ல. கறுப்புப் பென்சிலுக்குத் தப்பிய அந்தப் பையன் வீட்டில், படம் வரைந்த பெண்ணின் வீட்டில். அடுத்தவன் சோற்றை எடுத்துவைத்துத் தர்மம் செய்வது என்ன தர்மம்? இது லேசான கேள்வி இல்லை. சம்பளம் கொடுத்துப் பழகாத என்னைப் போன்றவர்கள் பதில் சொல்ல அவசரப்படக்கூடாது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அந்தப் பையனையும் பெண்ணையும் யாராவது கேட்டார்களா? அவர்கள் பசியைக் காட்டி முடிவு செய்கிறவர்கள், அவர்கள் விருப்பத்தைக் கேட்டு முடிவு செய்வதில்லை. இன்னொன்று, அதைவிடக் கசப்பானது. அந்த வேலை மட்டமாகச் செய்யப்பட்டிருந்தால் இத்தனை பேர் புகைத்திருக்க மாட்டார்கள். உதடு நீண்டது, பென்சில் அடித்தது, மறுபடி வரைந்தார்கள், நட்சத்திரத்தை எட்டும்வரை வரைந்தார்கள். பர்னெட் தம் மனிதர்களுக்குச் செய்த நல்லதெல்லாம் அந்தக் குதிரைக்காரன் முகத்தில் போய்ச் சேர்ந்தது. வேலையின் மேல் வைத்த பக்தியை அவர் மனச்சாட்சி என்றே எண்ணிவிட்டார் போலிருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்; கதவு மாறித் தட்டிவிடுவது சுலபம். கதை எழுதுகிறவர்களுக்கும் இது நடப்பதுதான்.

பர்னெட் 1971-ல் காலமானார். 2002-ல் அவருடைய கம்பெனி பப்ளிசிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2025-ல் பப்ளிசிஸ் அதைத் தன் இன்னொரு கம்பெனியோடு சேர்த்து 'லியோ' என்று பெயரிட்டது. பர்னெட் என்ற பாதி வாசலைவிட்டு இறங்கிவிட்டது. இரவில் யாரும் வந்து அழிக்கவில்லை. ஓர் அறிக்கையில், அலுவலக நேரத்தில், அது நடந்தது.