வலைக்குக் கொடுத்த கடன்



திருப்பூரில் ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் மஸ்அலா கேட்க வருகிறவர்களில் பலர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வெளியூர் வாலிபர்கள். களாத் தொழுகை, தலாக், ஏலச்சீட்டு என்றுதான் கேள்விகள் வரும். சென்ற மாதம் வந்த ஒருவரின் கேள்வி வேறு விதமாக இருந்தது. அவருக்கு ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்.

"ஹளரத், வாப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். வலை வாங்க வியாபாரியிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். வட்டி கிடையாது. ஆனால் பிடிக்கிற மீனை அவரிடம்தான் போட வேண்டும். வெளியில் கிலோ 300 ரூபாய்க்குப் போகும்போது அவர் 250தான் தருகிறார். 2 வருடமாகியும் கடன் அப்படியே நிற்கிறது. வட்டி இல்லாத கடன்தானே?"

கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாளொன்றுக்கு 10 கிலோ என்றால் 500 ரூபாய் குறைகிறது. மாதத்தில் 20 நாள் கடலுக்குப் போனால் 10,000 ரூபாய். ஆறே மாதத்தில் 60,000! அசலில் ஒரு ரூபாய்கூட கழியவில்லை. வட்டி என்ற பெயர் மட்டும்தான் இல்லை!

அந்த வியாபாரியைக் கொடுமைக்காரர் என்று நாம் சொல்ல வரவில்லை. வாடைக்காற்றில் படகு கரையில் கிடக்கும்போதும், நள்ளிரவில் பிரசவச் செலவு வரும்போதும் கதவைத் தட்டினால் திறக்கிறவர் அவரே. ஐஸ், லாரி, கெட்டுப்போகும் மீன் என்று அவருக்கும் நஷ்ட பயம் உண்டு. வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாக்கி இருக்கின்றான், லாபம் குற்றமன்று. குற்றம் இருப்பது வேறிடத்தில். கடனையும் கொள்முதலையும் ஒரே முடிச்சில் போட்டதுதான் குற்றம்.

கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பது ஆகுமானதல்ல என்று ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை அப்துல்லாஹிப்னு அம்ரு (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். திர்மிதீ, அபூதாவூத், நஸாயீ கிதாபுகளில் இந்த ஹதீஸைக் காணலாம். 'என்னிடமே விற்பதானால் கடன் தருகிறேன்' என்பது இதில் நேராகவே அடங்கும். இன்னும் நுட்பமான செய்தி புகாரியில் இருக்கிறது. மதீனாவுக்கு வந்த அபூபுர்தா (ரஹ்) அவர்களிடம் அப்துல்லாஹிப்னு ஸலாம் (ரலி) அவர்கள் ஓர் எச்சரிக்கை செய்தார்கள்: வட்டி பரவியுள்ள நாட்டில் வசிக்கிறீர், உம்மிடம் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதீர், அது வட்டி! வைக்கோலுக்கே இந்தப் பேணுதல் என்றால், எடை போட்ட பிறகு கூடைக்குமேல் தனியாக எடுத்து வைக்கும் மீனுக்கு என்ன சொல்வது? (நண்டு உண்ணலாமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே பேச்சு உண்டு; கடனுக்காக விலை குறைப்பதில் அப்படிப் பேச்சில்லை.)

'முன்பணம் கொடுத்துச் சரக்கு வாங்குவது ஸலம் வியாபாரம்தானே?' என்று சிலர் வாதிப்பர். ஸலம் ஆகுமானதே. ஆனால் அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் நிபந்தனை. இங்கே எத்தனை கிலோ, என்ன மீன், எந்தத் தேதி, என்ன விலை? எதுவுமே பேசப்படவில்லை. அப்படியானால் அது கடன்தான். கடன் என்றால் கொடுத்ததை மட்டுமே திரும்ப வாங்கலாம்.

சரக்குக்காரர் சந்தைக்கு வந்து சேருமுன் வழிமறித்து வாங்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்தபின் விற்பனையை முறிக்கும் உரிமையையும் அவருக்குக் கொடுத்தார்கள். விலை தெரிந்து விற்பது சரக்குடையவரின் ஹக்கு. கடன்பட்டவர் இந்த ஹக்கைத்தான் இழந்து நிற்கிறார். பக்கத்தில் ஏலம் நடந்தாலும் காதில் வாங்காமல் போக வேண்டியவராகிறார்.

வழியில்லாமலில்லை. 1980இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கன்னியாகுமரிக் கரை வரை கிராமச் சங்கங்களை அமைத்தது. மீன் கரையில் எல்லோர் முன்னிலையிலும் ஏலமாகும். விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்குப் பிடிக்கப்படும். அவர்களுடைய கடன் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. விலையை ஏலம் சொல்லட்டும், கடன் தன் வழியில் கழியட்டும் என்கிற அந்த ஏற்பாட்டைத்தான் சொல்கிறோம். வியாபாரிக்கு லாபமே வேண்டுமென்றால் வலையிலும் படகிலும் பங்காளியாகச் சேரட்டும். அப்போது வலை அறுந்தால் நஷ்டத்திலும் அவருக்குப் பங்குண்டு.

கடலோரத்து விவகாரம் என்று நம் ஊர் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பவர் டேபிள் போட அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, 'அட்வான்ஸ் தீரும்வரை நம்ம ரேட்டுதான்' என்று பீஸுக்கு ஒரு ரூபாய் குறைப்பவர் இங்கே இல்லையா? வலைக்குப் பதில் தையல் மெஷின், மஸ்அலா ஒன்றே.

அந்த வாலிபருக்கு இரண்டு விஷயம் சொன்னோம். கடன் அமானிதம் போன்றது. வியாபாரி தவறு செய்கிறார் என்பதற்காக வாப்பா அதை மறுத்துவிடக் கூடாது. இங்கிருந்து மாதாமாதம் இயன்றதை அனுப்பி அசலைக் கழிக்கட்டும். கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கும்படி திருமறை ஏவுவதை வியாபாரிக்கும் எடுத்துச் சொல்லட்டும். மீன் அன்றாட விலைக்கே போகட்டும்.

"அவர் எங்கள் பள்ளியில் முதல் ஸஃப்பில் நிற்பவர், ஹளரத். வாப்பா எப்படி இதைச் சொல்வார்?" என்றார்.

ஹதீஸ்களைக் குறித்து, அவ்வூர் இமாம் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். வியாபாரியைத் தனியே அழைத்துப் பேசும்படியும், ஜமாஅத்தார் முன்னிலையில் வேண்டாம் என்றும் அதில் குறித்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.