விசாரிப்பவரை நியமிப்பவர்

ஆரணியில் பட்டு நெய்கிறவர்களுக்கு ஒரு விசாரணை முறை நன்றாகத் தெரியும். நெய்து முடித்த சேலையை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இழை அறுந்திருந்தால், கறை பட்டிருந்தால், கூலியில் பிடித்தம். தப்பு நெய்தவருடையதா, கொடுத்த நூலே மட்டமா என்று கேட்க இடமிருக்கிறது. ஆனால் நூல் கொடுத்தவரும் அவர்தான், கூலி கொடுப்பவரும் அவர்தான், பழுதைத் தீர்மானிப்பவரும் அவர்தான். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் “நான் கொடுத்த நூல்தான் சரியில்லை” என்று சொல்ல அவருக்கு எந்தக் கட்டாயமும் கிடையாது.

அரசு ஒரு விசாரணை ஆணையத்தை அறிவிக்கும்போதெல்லாம் எங்கள் ஊரின் இந்த ஏற்பாடுதான் எனக்கு நினைவுக்கு வரும். உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி, “நீதிபதி நேர்மையானவரா?” என்பது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே பெரும்பாலான காரியங்கள் முடிந்துவிடுகின்றன என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் இதற்கென்று இருப்பது 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டம். ஆணையத்தை நடத்துபவர் நீதிபதியாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. ஓய்வு பெற்ற நீதிபதியைப் போடுவது வெறும் வழக்கம். எதை விசாரிப்பது, எத்தனை நாளைக்குள் முடிப்பது என்பதை அரசே அரசிதழில் எழுதுகிறது. புலனாய்வுக்கு ஆள் வேண்டுமென்றால் 5ஏ பிரிவின்படி அரசின் அதிகாரிகளையே பயன்படுத்திக்கொள்ளலாம். அதாவது, போலீஸ் சுட்டதை விசாரிக்கும் ஆணையத்துக்குப் போலீசே துணைக்கு வரலாம். இனித் தேவையில்லை என்று அரசு கருதினால் 7ஆம் பிரிவின் கீழ் ஆணையத்தைக் கலைக்கலாம். அறிக்கையை ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் என்ன தண்டனை என்று சட்டம் சொல்லவில்லை. அறிக்கை வெறும் பரிந்துரைதான் என்பதை உச்ச நீதிமன்றம் 1958இலேயே டால்மியா வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

மும்பைக் கலவரங்களை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணாவின் நேர்மையில் பெரிதாக யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. 1996 ஜனவரியில் சிவசேனா – பாஜக அரசு அவருடைய ஆணையத்தைக் கலைத்தது. அதே ஆண்டு மே மாதம் அதே நீதிபதியோடு ஆணையம் திரும்பி வந்தது, ஆனால் 1993 மார்ச் குண்டுவெடிப்புகளும் விசாரணை வரம்பில் சேர்ந்திருந்தன. ஆள் மாறவில்லை, கேள்வி மாறியது.

என் துறையில் சர்வர் விழுந்தால் ‘ரூட் காஸ் அனாலிசிஸ்’ என்று ஒன்று எழுதுவோம். நல்ல நிறுவனங்களில் அதற்கு ஒரு விதி உண்டு: உண்மையைச் சொல்பவரைத் தண்டிக்கக் கூடாது. விசாரணை ஆணையச் சட்டத்தின் 6ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஆணையத்தின் முன் ஒருவர் கொடுக்கும் வாக்குமூலத்தை, அது பொய்சாட்சி என்ற வழக்கைத் தவிர, அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. தண்டனையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உண்மையை வாங்கும் வியாபாரம் இது. சர்வர் மறுபடி விழாமல் பார்த்துக்கொண்டால்தான் இந்த வியாபாரம் நியாயம். ஆளும் தண்டிக்கப்படாமல், அமைப்பும் திருந்தாமல் போனால் விட்டுக்கொடுத்ததற்கு என்ன கிடைத்தது?

தூத்துக்குடியையே எடுத்துக்கொள்வோம். 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் சுட்டது. 13 பேர் இறந்தார்கள். எந்த அரசின் போலீஸ் சுட்டதோ அதே அரசு நீதிபதி அருணா ஜெகதீசனை நியமித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை அவர் விசாரித்தார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தந்த அறிக்கை காவல் துறைக்கு இதமானதாக இல்லை. அதிகாரிகள் மீது நடவடிக்கையைப் பரிந்துரைத்தது. அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. 2022 அக்டோபர் 18 அன்று அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. மூன்று மாத அவகாசத்தோடு 2017இல் தொடங்கி ஐந்தாண்டு ஓடிய, ஜெயலலிதா மரணம் பற்றிய ஆறுமுகசாமி ஆணைய அறிக்கையும் அதே நாளில்தான் வந்தது. இரண்டுமே முந்தைய ஆட்சியைப் பற்றியவை. ஆட்சி மாறாமல் இருந்திருந்தால்? அந்தச் சந்தேகத்தால் அறிக்கையில் உள்ள உண்மை பொய்யாகிவிடாது. ஆனால் உண்மை வெளியே வருவது தேர்தல் முடிவைப் பொறுத்தது என்றால், அதை நீதி என்று எப்படிச் சொல்வது?

சரி, சட்டகம் இப்படித்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆணையத்துக்கு அழைத்தால் ஒரு நேர்மையான ஆள் போகலாமா? எனக்கு இதுதான் உண்மையான அறக் கேள்வியாகப் படுகிறது. வரலாற்றில் இதற்கு வெவ்வேறு பதில்கள் இருக்கின்றன.

சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகச் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க 1854இல் மூவர் ஆணையம் அமைந்தது. கம்பெனி ஆட்சியைக் கடுமையாக விமர்சித்த வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் அதில் சேர்ந்தார். சித்திரவதை உண்டு என்று 1855 அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆனால் பழி கீழ்நிலை இந்திய ஊழியர்கள் மேல் விழுந்தது. வெள்ளை அதிகாரிகள் தப்பினார்கள். விமர்சகரின் கையெழுத்தும் அதில் இருந்தது.

இலங்கையில் 2007இல், மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டது உள்ளிட்ட வழக்குகளை விசாரித்த ஆணையத்தைக் கண்காணிக்க, பி.என்.பகவதி தலைமையில் சர்வதேசக் குழு போனது. அரசின் சட்டமா அதிபர் துறையே ஆணையத்துக்கு உதவுவது முரண் என்று சொல்லி, அது 2008இல் விலகியது. அப்போது சட்டமா அதிபராக இருந்த சி.ஆர்.டி சில்வாதான் 2010இல் நல்லிணக்க ஆணையத்தின் தலைவரானார். விலகியவர்களின் கை சுத்தமாக இருந்தது. நாற்காலி காலியாக இருக்கவில்லை.

ஜாலியன்வாலா பாக் படுகொலையை விசாரித்த ஹண்டர் குழுவை அமைத்ததும் ஆங்கிலேய அரசுதான். அதிலிருந்த மூன்று இந்தியர்கள் 1920இல் தனி அறிக்கை எழுதினார்கள். அவர்களில் ஒருவரான சிமன்லால் சேதல்வாட்டின் கேள்விக்குத்தான், கவச வண்டிகள் உள்ளே நுழைய முடிந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியையும் பயன்படுத்தியிருப்பேன் என்ற பொருளில் டயர் பதில் சொன்னார். சேதல்வாட் “இது அவர்கள் குழு, எனக்கென்ன” என்று வீட்டிலிருந்திருந்தால் அந்தப் பதில் பதிவாகியிருக்காது.

நான் சேதல்வாட் பக்கம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வேண்டும்: மாறுபட்டு எழுத ஒரு இடம். தமிழ்நாட்டில் நாம் பழகிப்போன ‘ஒரு நபர் ஆணையம்’ அந்த இடத்தையே எடுத்துவிடுகிறது. ஒரே நாற்காலி என்றால் மறுப்பு எழுத யார் இருக்கிறார்கள்? இரண்டு நாற்காலி கூடுதலாகப் போடுவதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. அதில் ஒருவராவது பாதிக்கப்பட்டவர்கள் நம்பித் தரும் பெயராக இருக்கலாம். புலனாய்வு அதிகாரிகள் குற்றம் சாட்டப்பட்ட துறைக்கு வெளியிலிருந்து வரலாம். அறிக்கை கொடுத்த ஆறு மாதத்தில், அரசு வெளியிட்டாலும் இல்லாவிட்டாலும், அது தானாகவே பொது ஆவணமாகலாம்.

இதையெல்லாம் நான் கேட்பது சாட்சிகளுக்காகத்தான். நல்லிணக்க ஆணையத்தின் முன் வர மாட்டோம் என்று சர்வதேச மனித உரிமை அமைப்புகள் மறுத்தபோதும், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அம்மாக்கள் காணாமல்போன பிள்ளைகளின் புகைப்படத்தோடு வந்து நின்றார்கள். ஆணையத்தை அமைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். கேட்கிறேன் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், சொல்லாமல் விடக் கூடாது என்றுதான் வந்தார்கள். ஆணையத்தை உண்மையென்று எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள் மட்டும்தான். அமைப்பவர்களும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பெரிய ஆசையொன்றும் இல்லை.