டூட்டி மாறும் நேரத்தில் பேசுங்கள்

குன்றக்குடியில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் போகும் வழி எல்லோருக்கும் தெரியும். 108 வரும். காரைக்குடி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும். அங்கே முடியாது என்றால் சிவகங்கை மருத்துவக் கல்லூரி, அதற்கும் மேலே மதுரை. இந்த வழியில் நோயாளி இரண்டு மூன்று கைகள் மாறுகிறார். ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனையோ இடங்களில் அந்தப் பேச்சு நடப்பதே இல்லை. 'மேல்சிகிச்சைக்காக' என்று எழுதிய துண்டுச் சீட்டோடு உயிர் ஒன்று வண்டியில் ஏற்றப்படுகிறது. என்ன ஊசி போட்டார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதை அந்தப் பக்கம் இருப்பவர் அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இது இனி ஒரு நாளும் நடக்கக் கூடாது.

மூத்த மருத்துவர்களே, முதலில் உங்களிடம்தான் கேட்கிறேன். டூட்டி மாறும்போது இரவெல்லாம் விழித்திருந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவதையும், புதிதாக வந்தவர் கேஸ் ஷீட்டைப் புரட்டித் தானே கண்டுபிடித்துக்கொள்வதையும் நிறுத்துங்கள். இருவரையும் கட்டில் கட்டிலாகச் சேர்ந்து நடக்கச் சொல்லுங்கள். யார் மோசமாக இருக்கிறார், எந்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, பிரஷர் இறங்கினால் அடுத்து என்ன செய்வது என்று வாய்விட்டுச் சொல்லட்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். செவிலியரும் கூடவே நிற்கட்டும். ஓரக் கட்டில் பாட்டிக்கு விடியற்காலையில் பேச்சு குழறியது பெரும்பாலும் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் இப்படி ஒரு முறை வகுத்து, டூட்டி மாற்றத்தை நடத்திப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வெளிவந்தது. மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்திருந்தன. ஒப்படைக்க எடுத்துக்கொண்ட நேரமோ குறிப்பிடும்படி கூடவில்லை. அதற்காகப் புதுக் கருவி எதையும் வாங்கவும் இல்லை.

ஆனால் தூங்காதவரிடம் தெளிவான பேச்சை எதிர்பார்ப்பது அநியாயம். 1992லேயே மத்திய அரசின் உறைவிட மருத்துவர் திட்டம் தொடர் பணி நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேலும், மொத்தப் பணி வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலும் வழக்கமாகக் கூடாது என்றது. அது காகிதத்தில் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொலையுண்ட பயிற்சி மருத்துவர் 36 மணி நேரப் பணியில் இருந்தவர். படுக்கத் தனி அறை இல்லாமல் கருத்தரங்க அறையில் போய்ப் படுத்தவர். இந்த நாடே அழுதது. அழுது முடித்த பிறகு எத்தனை ஊர் மருத்துவமனைகளில் பெண் மருத்துவருக்கு உள்தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை கிடைத்தது?

தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் காவடிகள் நம் குன்றக்குடியில் கூடித்தான் நடையைத் தொடங்குகின்றன. காவடி சுமப்பவருக்கும் வழியில் தங்கல் உண்டு. இறக்கிவைக்க இடமுண்டு, சோறு உண்டு, கால் நீட்ட நேரம் உண்டு. முருகனுக்குச் சுமப்பவருக்கு நாம் கொடுப்பதை, நம் பிள்ளைகளின் உயிரைச் சுமப்பவருக்கு ஏன் கொடுக்க மறுக்கிறோம்?

அதிகாரிகளே, உங்களுக்கும் ஒரு சொல். 2019 அக்டோபர் இறுதியில் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியக் கோரிக்கையோடு, நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர் பணியிடங்கள் வேண்டும் என்பதும் அவர்கள் கேட்டது. போராடியவர்களுக்குக் கிடைத்தது இடமாற்ற ஆணை. மறு ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய வேண்டியிருந்தது. குறை சொன்னவரைத் தூக்கியடித்தால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். பிரசவத்தில் தாய் இறந்தால் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தை விசாரணைக் கூண்டாக்கினால், தவறு எங்கே நேர்ந்தது என்பது கேஸ் ஷீட்டிலிருந்தே காணாமல் போய்விடும். அடுத்த தாயும் அதே இடத்தில்தான் சாவாள். எல்லார் முன்னிலையிலும் ஓர் இளம் மருத்துவரை 'நீ' என்று அதட்டும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

குடும்பத்தாரிடம் பேசுவதையும் தள்ளிப்போடாதீர்கள், டாக்டர்களே. நிலைமை மோசமாகிறது என்று தெரிந்த அந்த நேரத்திலேயே ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எளிய தமிழில் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு பெண் மருத்துவர், சிகிச்சையில் இறந்துபோன பெண்ணின் கணவரால் கொல்லப்பட்டார். 2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், தாயின் சிகிச்சை குறித்து மனம் குமுறிய மகன் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினான். அந்த மருத்துவர்கள் பேசத் தவறினார்கள் என்று நான் சொல்லவில்லை. கத்தி எடுத்தவனுக்கு எந்த நியாயமும் கிடையாது. தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். ஆனால் வாசலில் நிற்கும் காவலரால், உள்ளே புழுங்கும் சந்தேகத்தைத் தீர்க்க முடியாது.

ஊர்க்காரர்களே, நம் பங்கும் உண்டு. கேசுவாலிட்டிக்குள் இருபது பேராய் நுழையாதீர்கள். பேச ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள், அவர் மட்டும் கேட்கட்டும். டாக்டரின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டாதீர்கள். அவர் சொன்னது புரியவில்லை என்றால், அண்ணே, அம்மா என்று திரும்பவும் கேளுங்கள், சொல்வார்கள்.

குன்றக்குடி அடிகளார் கிராமத் திட்டம் வகுத்தபோது, படித்தவர்களையும் விஞ்ஞானிகளையும் ஊர் மக்களோடு ஒரே இடத்தில் உட்காரவைத்தார். அந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதில் உள்ளூர்ப் பிரதிநிதிகளும் உண்டு, அங்கே போய் உட்காருங்கள். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த மண் இது. ஓர் ஓய்வறைக்கும் குளியலறைக்கும் கொடையாளர் கிடைக்காமல் போக மாட்டார். அடுத்த கூட்டத்தில் கட்டடம், கருவி பற்றிய பேச்சுக்கு முன்னால், இன்று இரவு டூட்டி டாக்டர் எங்கே படுக்கப் போகிறார், கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேளுங்கள். யாருக்கும் பதில் தெரியாவிட்டால், எல்லோரும் எழுந்து வார்டுக்குப் போய் அவரையே கேட்டுவிட்டு வந்து கூட்டத்தைத் தொடருங்கள்.