வில்லுவண்டியும் ஹெலிகாப்டரும்

"காசு மட்டும் இருந்தா சொந்தமா ஒரு ஹெலிகாப்டர் வாங்கி வெச்சுக்குவியா?" கேட்பதற்கு விளையாட்டுக் கேள்வி. ஊர்த்தெருவில் கேட்டால், என்ன விலை, எங்கே நிறுத்துவது, ஓட்டுகிறவனுக்கு என்ன சம்பளம் என்று பேச்சு போகும். சேரியில் கேட்டால் முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: "வாங்குனா, மொதல்ல அவனுங்க தெருவுக்கு மேலயே நாலு சுத்து சுத்திட்டுத்தான் மறுவேலை."

இந்தப் பதிலை ஒதுக்கி வைத்துவிட்டு 'ஆடம்பரம் தகுமா?' என்று அறம் பேசப் போனால், அது யாருடைய அறம் என்கிற கேள்வி குறுக்கே வந்து நிற்கும். எனவே இந்தப் பதிலிலிருந்தே தொடங்குவோம்.

எளிமை இந்த நாட்டில் பெரிய நற்பண்பு. மேல்துண்டைக் கழற்றிப் போட்டவன் மகாத்மா ஆகலாம். ஆனால் மேல்துண்டைப் பிடுங்கிக்கொண்டு விட்டால் அந்த மனிதனுக்கு என்ன பெயர்? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்கசாதியார் தலித்துகளுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடை கூடாது. செருப்பு கூடாது. மறு ஆண்டில் எட்டு பதினொன்றாயிற்று. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. இந்தத் தடைப் பட்டியலையும் எளிய வாழ்க்கைக்கான உபதேசப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடச் சொல்லும் சாமான்கள் ஏறக்குறைய ஒன்றேதான். எங்களைப் பொறுத்தவரை எளிமை என்பது கட்டாயமாகச் சுமத்தப்பட்ட தண்டனை. அதனால்தான் அம்பேத்கரின் கோட்டும் சூட்டும் எங்களுக்கு ஆடம்பரமாகத் தெரிவதில்லை. அந்தப் பட்டியலுக்கு அவர் சொன்ன பதிலாகத் தெரிகிறது.

காசு இருந்தால் போதுமா என்பது அடுத்த சங்கதி. 1901இல் சிறுவன் அம்பேத்கர் அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறார். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் மாட்டுவண்டிக்காரர் யாரும் ஏற்றத் தயாரில்லை. கையில் காசு இருந்தது. இரட்டை வாடகை தருகிறோம், வண்டியை நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒரு வண்டி கிடைத்தது. வண்டிக்காரன் கூடவே நடந்து வந்தான். 1929இல் அதே அம்பேத்கர் பாரிஸ்டர், அரசு விசாரணைக் குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவ் ஸ்டேஷனில் குதிரைவண்டிக்காரர்கள் வண்டியைத் தருகிறோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். வண்டியே ஓட்டிப் பழகாத ஒரு மகார் தோழர் ஓட்டினார். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் இரண்டையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். முதல் தடவை இரட்டை வாடகை போயிற்று. இரண்டாம் தடவை கால் முறிந்தது. வாகனம் என்பது வெறும் பயணச் சாமான் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பயணத்தையும் படிக்கட்டும்.

பழைய கதை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் குதிரை வைத்திருந்த ஒரு தலித் இளைஞன் கொல்லப்பட்டான். குதிரையில் ஏறக்கூடாது என்று மிரட்டியிருந்தார்கள் என்றது குடும்பம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் குற்றம் என்றார்கள் அவன் வீட்டார். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது எதையெல்லாம் உடைத்தது? டிவி, மின்விசிறி, தையல் மெஷின். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்துக் கொண்டுவந்த காசு கண்ணை உறுத்தியது. பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் கூட விடவில்லை. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டபோதும் பீரோவும் பைக்கும்தான் குறி. நாங்கள் ஒரு பொருளை வாங்கினால் அதை 'திமிர்' என்று படிக்கிற ஒரு கண் எப்போதும் எதிரே இருக்கிறது.

எனவே "நாலு சுத்து சுத்துவேன்" என்கிற பையன் அற்ப ஆசைக்காரன் இல்லை. அவன் கேட்பது ஒரு பழைய பாக்கி. அவனுக்கு எளிமை போதிக்கும் யோக்கியதை ஊர்த்தெருவுக்கு இல்லை.

*

ஆனால் இதோடு பேச்சை முடித்துவிட்டால், காசு கொடுத்து வாங்குவதெல்லாம் விடுதலை என்று ஆகிவிடும். அப்படிச் சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. தலித் தொழிலதிபர்களுக்கான கூட்டமைப்பு 2005இல் புனேயில் தொடங்கியதிலிருந்து 'தலித் கோடீஸ்வரர்' என்கிற பேச்சு பத்திரிகைகளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. சந்தைக்குச் சாதி தெரியாது, முதலாளித்துவம் சாதியை உடைக்கும், நம்மில் ஒருவன் ஏறினால் நாம் எல்லாரும் ஏறினதாக அர்த்தம் என்கிறார்கள். இதைச் சுத்தப் பொய் என்று தள்ள மாட்டேன். பண்ணையாரிடம் கைகட்டி நிற்காமல் சம்பளம் வாங்குகிற இடம் எதுவானாலும் அது நமக்கு ஒரு படிதான். ஆனால் ஏறுகிறவன் எந்த வழியாக ஏறுகிறான், ஏறிய பிறகு அந்த வழி யாருக்குத் திறந்திருக்கிறது என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இதற்கு நம்மிடம் நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கினார். அன்று புலையர்கள் பொதுச்சாலையில் நடக்கவே முடியாது. வில்லுவண்டி மேல்சாதிக்காரர்களின் சவாரி. அய்யன்காளி தலைப்பாகை கட்டிக்கொண்டு, மணி கட்டிய காளைகளைப் பூட்டி, வெங்ஙானூரிலிருந்து அதே பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். மறித்தார்கள். அவர் திரும்பவில்லை.

அந்த வண்டி ஆடம்பரமா? அன்றைய புலையர் கூலியை வைத்துக் கணக்குப் போட்டால் நிச்சயமாக ஆடம்பரம்தான். அந்தக் காசில் எத்தனை குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றியிருக்கலாம் என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்டவன் சாலையைப் பற்றி யோசிக்காதவன். வண்டியில் உட்கார்ந்து போனது ஒருவர். ஆனால் சக்கரம் பதிந்த தடத்தில் பின்னால் ஒரு சனமே நடந்தது. சாலையில் ஓடியதால்தான் அது கலகம். சாலையைத் தொடாமல் போகிற ஒரு வண்டி அன்று அவருக்குக் கிடைத்திருந்தால் மறித்தவர்களுக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி. சாலை மட்டும் அப்படியே அவர்களிடம் இருந்திருக்கும்.

ஹெலிகாப்டர் அப்படிப்பட்ட வண்டி. ஊர்த்தெருவை அது எதிர்ப்பதில்லை, தவிர்க்கிறது. மேலே நாலு சுற்றுச் சுற்றினாலும் கீழே தெரு யாருடையது என்ற கணக்கு மாறாது. சுற்றி முடித்து இறங்குகிறவனின் அம்மா மறுநாள் அந்தத் தெரு வழியாகத்தான் ரேஷன் கடைக்குப் போகவேண்டும்.

*

ஆகாய வழி நமக்கு ஏற்கெனவே ஒருமுறை கிடைத்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் இறந்துபோன ஒரு தலித் மனிதரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகப் பாதை இல்லை. பாதையை ஒட்டிய நிலக்காரர்கள் விடவில்லை. பாடையைக் கயிற்றில் கட்டி, சுமார் 20 அடி உயரப் பாலத்திலிருந்து பாலாற்றுக்குள் இறக்கினார்கள். அந்தப் படக்காட்சி வெளியே வந்த பிறகுதான் நாடு பார்த்தது, உயர்நீதிமன்றமும் தானாக முன்வந்து விசாரித்தது. தரை வழி மறுக்கப்பட்டவனுக்கு மிச்சமிருந்தது அந்தரம். அந்தரத்தில் போவதை நாம் ஒரு வசதியாக நினைக்க முடியாததற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பஸ்ஸுக்கு வருவோம். பஸ் எல்லாருக்கும் பொது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தார். பஸ்ஸை நிறுத்தி அவரையும் கூட இருந்தவர்களையுமாக 6 பேரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அதே 1997இல் விருதுநகர் பக்கத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கசாதியார் கிளம்பினார்கள். கலவரம் வெடித்தது. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்கள் பெயரையும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. ஒரு தலித் பெயரை ஏற்பதைவிடப் பெயரே இல்லாமல் போவது சுலபமாக இருந்தது. பஸ்ஸும் தெருவும் சுடுகாட்டுப் பாதையும் இன்னும் முடியாத போர்க்களங்கள். காசு வந்தவன் முதலில் விட்டு விலகத் துடிப்பதும் இவற்றைத்தான்.

கணக்குக்காக ஒன்று. 4 பேர் உட்காரும் சின்ன ஹெலிகாப்டர் புதிதாக வாங்கினால் விலை கோடிகளில். ஒரு மணி நேரம் பறக்க 50 லிட்டருக்கு மேல் எரிபொருள் குடிக்கும். 50 பேரை ஏற்றுகிற டவுன் பஸ் அவ்வளவு டீசலில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஓடும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோது, களையெடுப்புக்கும் வீட்டு வேலைக்கும் போகிற நம் பெண்கள் தினம் சில பத்து ரூபாயை மிச்சம் பிடித்தார்கள். சேரியின் போக்குவரத்துப் புரட்சி என்றால் என் கண்ணுக்கு அதுதான் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. ஹெலிகாப்டர் மேலிருந்து பார்ப்பவனின் வாகனம். வெள்ளம் வந்தால் அதிகாரம் அதில் ஏறித்தான் நம்மைப் பார்வையிடுகிறது. ஜெயலலிதா தேர்தல் கூட்டங்களுக்கு அதில் வந்தபோது, வானத்தைப் பார்த்து அமைச்சர்கள் கும்பிட்டு நின்ற படங்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கீழே நிற்பவனை அண்ணாந்து பார்க்க வைக்கிற, குனிய வைக்கிற எந்திரம் அது. இறங்குவதற்கும் வெட்டவெளி வேண்டும். சேரிக்குள் இறக்கினால் அந்த விசிறிக் காற்றில் முதலில் பறப்பது கூரை ஓலைதான். நம் தெருவில் இறங்கவே முடியாத ஒன்றை நம் வெற்றி என்று எப்படிச் சொல்வது?

*

இங்கே ஒரு நியாயமான கோபம் எழும். "ஏன், எங்காளு மட்டும்தான் ஊருக்கே வழி தெறக்கணுமா? அவனவன் பாட்டன் சொத்துல பறக்குறான், அவனை எவன் கேட்டான்?" இந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லாமல் தாண்டக்கூடாது. மாயாவதியின் ஹெலிகாப்டரையும் பிறந்தநாள் கேக்கையும் கைப்பையையும் எண்ணி எண்ணி எழுதிய பேனாக்கள், மற்றக் கட்சித் தலைவர்களின் ஹெலிகாப்டர்களை அப்படி எண்ணவில்லை. தலித்தின் மகளைச் 'செல்வத்தின் மகள்' என்று இந்தியில் எதுகை போட்டுக் கேலி செய்தவர்களுக்குச் செல்வம் ஒன்றும் புதிதில்லை, அது யார் மடியில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. மக்களவையின் முதல் தலித் சபாநாயகர் பாலயோகி 2002 மார்ச் 3 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அந்த இருக்கைக்கு வந்த ஒருவர் அந்த வாகனத்தில் ஏறியதில் என்ன தப்பு? பொறுப்பு இருக்கிறவன் அதில் ஏறத்தான் வேண்டியிருக்கும். 2019இல் ஹரியானாவின் ஃபரிதாபாத் பக்கம் பள்ளிக்கூடக் கடைநிலை ஊழியர் ஒருவர், ஓய்வுபெற்ற நாளில் ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுத்து மனைவியோடு ஊர் திரும்பினார். ஆயுசுக்கும் பெஞ்சு துடைத்த மனிதனின் ஒருநாள் திருவிழா அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே சட்டம் இதைத் தடுக்கக்கூடாது, ஊர்த்தெரு இதைக் கேட்கவும் கூடாது. நமக்குள் நாம் கேட்டுக்கொள்ளலாம். 1956 மார்ச்சில் ஆக்ராவில், படித்து மேலே வந்தவர்கள் தன்னைக் கைவிட்டார்கள் என்று அம்பேத்கர் நொந்து பேசினார். அவர் வெளியாள் இல்லை, நம் வீட்டுப் பெரியவர். அவர் கேட்ட கணக்கை 'உனக்கென்ன' என்று தள்ள முடியாது.

பணம் தருகிற பெரிய சுகம் எதிரியைப் பார்க்காமல் வாழ முடிவது. அது எங்கள் ஆளுக்கும் வேண்டும்தான். ஒரு தலைமுறை நிம்மதியாகத் தூங்கட்டும். ஆனால் அந்தச் சுகத்தை ஒருவன் தனியாக வாங்கினால் மிச்சப்பேர் அந்த எதிரியோடு இன்னும் தனியாகிப் போகிறார்கள். வன்கொடுமை வழக்கில் சாட்சி பல்டி அடித்துவிட்டான் என்று திட்டுகிறோம். வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போக அவனுக்குப் பஸ் காசு யார் கொடுத்தது? அன்றைய கூலி போனால் அடுப்புக்கு யார் பொறுப்பு? ஊரைப் பகைத்துக்கொண்ட பிறகு வேலை தர யார் இருந்தார்கள்? நம்மிடம் சேர்கிற காசுக்கு இங்கே வேலை கிடக்கிறது. ஒரு சாட்சி பயமில்லாமல் கூண்டில் ஏறி நிற்க ஆகிற செலவு, ஹெலிகாப்டரை ஒரு மாதம் நிறுத்தி வைக்கிற செலவைவிடக் குறைவு. சுடுகாட்டுப் பாதையைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லவில்லை, அது உரிமை. அந்த உரிமைக்காக வழக்காடுகிறவன் சோர்ந்து விழாமல் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு அவ்வளவு காசு வந்தால் ஹெலிகாப்டர் வாங்க மாட்டேன். எளிமையானவன் என்பதற்காக இல்லை, பங்களாவும் காரும் கேட்டால் வேண்டாம் என்று சொல்வேனா தெரியாது. கார் அந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். புல்லட்டும் அப்படித்தான், குதிரையும் அப்படித்தான். அதனால்தான் வெட்டுகிறார்கள், அதனால்தான் அவை நமக்கு வேண்டும். ஹெலிகாப்டரை யாரும் மறிக்க மாட்டார்கள். நம் ஆளில் எவனாவது வாங்கினால் நான் போய்த் தடுக்கப்போவதில்லை, ஊரார் முன்னால் குறை சொல்லப்போவதும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்பேன்: "தம்பி, எறங்கி எந்தத் தெரு வழியா வீட்டுக்கு நடந்து வரப்போற?"