மீந்த ரொட்டி

மீந்த ரொட்டியைத் தூளாக்கி வைத்துக்கொள்ளும் இல்லத்தரசியைக் கஞ்சம் என்று நகைப்போர் உண்டு. பினாங்கில் நம்மவர் சுடும் பெங்காலி ரொட்டியில் இரண்டு துண்டு மீந்தால், மிதமான சூட்டில் மொறுமொறுவெனக் காயவைத்து, இடித்துச் சலிக்க வேண்டியதுதான். கட்லட்டுக்குத் தூள் தயார். கடைத்தூளும் ரொட்டியை உலர்த்தி அரைத்ததுதானே! இதில் இழிவு எங்கே வந்தது?

ஆனால் சகோதரிகளே, பூசணம் பூத்த ரொட்டியில் கெட்ட இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு, மற்றதை இடித்து விருந்தாளிக்குப் பொரித்துக் கொடுப்பது சிக்கனமாகாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். தாம் உண்ண அஞ்சுவதைப் பிறருக்குப் பரிமாறிக் காசை மிச்சம் பிடிப்பதற்கே கஞ்சத்தனம் என்று பெயர். நம் ஈரக்காற்றில் அரைகுறையாய்க் காய்ந்த தூளும் டின்னுக்குள்ளேயே பூத்துவிடும். அதைக் கொட்டுவதை வீண்விரயம் என்று எவர் சொல்வார்?