துரோணர் வீடும் சாந்தீபனி ஆச்சிரமமும்

விஜயதசமியன்று ஏடு தொடக்குவதற்காகப் பிள்ளையை ஆலயத்திற்கு அழைத்துவரும் பெற்றோர், சில வருடங்களுக்குள்ளேயே எந்த ரியூசன் நல்லது என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவதைத் திருகோணமலையெங்கும் காணக்கூடியதாக உள்ளது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கே இந்த ஓட்டம். வசதியுள்ளவர் ஆசிரியரை வீட்டிற்கே வரவழைக்கின்றார். கடற்றொழில் செய்பவரோ மீன்பாடு உள்ள மாதங்களில் காசு கட்டி, மாரியில் கடல் கொந்தளிக்கும்போது பிள்ளையை மறித்துவிடுகின்றார். அப்பிள்ளை பாடசாலையை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். இது தர்மந்தானா?

துரோணாச்சாரியார் அரண்மனைப் பிள்ளைகளுக்கென அமர்த்தப்பட்டவர். வேடர்குலத்து ஏகலைவனுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஆனால் துரோணரை முழுவதும் குறை கூறவும் முடியாது. தன் மகனுக்குப் பால் வாங்கிக் கொடுக்க வழியற்ற வறுமையே அவரை அரண்மனை வாசலுக்குக் கொண்டுவந்தது. சம்பளம் போதாமல் மாலையில் வீடு வீடாகச் சென்று படிப்பிக்கும் ஆசிரியர்களை ஏசுவோர் இதனை நினைப்பது நன்று.

சாந்தீபனி முனிவரின் ஆச்சிரமமோ வேறு. அங்கே கண்ணபிரானும் ஏழைக் குசேலரும் ஒன்றாகப் படித்தனர். விறகு தேடிப்போய் மழையிரவில் ஒன்றாகவே நனைந்தனர். பின்னாளில் ஒரு பிடி அவலுக்கு அத்தனை மதிப்பு வந்தது அந்த உறவினால்தான். ஆயினும் துரோணரும் துருபதனும்கூட ஒன்றாகப் படித்தவர்களே! அரசு கிடைத்ததும் துருபதன் நண்பனை மறந்தான். ஆகவே ஒரே வாங்கில் இருந்துவிட்டால் மட்டும் மனம் விரிந்துவிடும் என்பதற்கில்லை. ஆனால் ஒன்றாக இருக்காத பிள்ளைகளுக்கு நினைப்பதற்கோ மறப்பதற்கோ ஒருவருமே இல்லை.

திருகோணமலை இதனை முன்னரே உணர்ந்த ஊர். பெண்பிள்ளைகளின் படிப்பு வீட்டு வாசலைத் தாண்டாதிருந்த காலத்தில், 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அவர்கள் அவர்களுக்கெனப் பாடசாலை அமைத்தார். சுவாமி விபுலானந்தர் இந்துக் கல்லூரிக்காக உழைத்ததும் இதே மண்ணில்தான். 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980இல் பாடநூல்களும் 1993இல் சீருடைத் துணியும் இலவசமாயின.

வீட்டில் வைத்துப் படிப்பித்தல் பாவமன்று. பின்தங்கிய பிள்ளைக்கு அது கைகொடுக்கும். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைப் பிள்ளைக்கு அது பெரும் உதவி. குறை வேறிடத்தில் உள்ளது. காசு கொடுத்துத் தன் பிள்ளையின் குறையை நிரப்பிக்கொண்ட தந்தை, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்கு வந்து “கணித ஆசிரியர் எங்கே?” என்று கேட்பதில்லை. கேட்கத் தெரிந்தவர் ஒதுங்கிக்கொள்ள, கேட்கத் தெரியாதவரின் பிள்ளையே ஆசிரியர் இல்லாத வகுப்பில் மிஞ்சுகிறது. (ஞாயிறு காலை ரியூசனுக்காக அறநெறிப் பாடசாலை வெறுமையாவது இன்னொரு கதை.)

கிராமத்து ஆலயங்களில் திருவிழா முடிந்தபின் மண்டபம் மாலைவேளைகளில் பெரும்பாலும் சும்மாவே கிடக்கிறது. மின்விளக்கு உண்டு, பாய் உண்டு. உயர்தரம் படித்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஊருக்கு ஊர் இருக்கின்றனர்.